தெருவை எத்தனை தரம் தோண்டுவது?

இன்று குடிநீர்க் குழாய், நாளை சாக்கடை, மறுநாள் மின்சாரம், அதன் பின் இன்டர்நெட் கம்பெனி. ஒருவர் மூட மற்றொருவர் தோண்டும் இந்த விநோதத்தைச் சென்னைவாசிகள் நெடுநாளாகக் கண்டு வருகிறார்கள். சாலை போடும் செலவு ஜனங்களுடையது. அது குழியாகும்போது விழுந்து எழும் கஷ்டமும் ஜனங்களுடையதே. மழைக்காலத்தில் சாலையை வெட்டலாகாதென்று நகரசபை தடை விதிப்பது வழக்கம். நல்லதுதான். ஆனால் மழை நின்றதும் கடப்பாரை மறுபடி இறங்குகிறது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. எந்தக் காரணத்துக்காகத் தெருவைத் திறந்தாலும், மூடுவதற்கு முன் வெற்றுக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட வேண்டும். பின்னர் யார் கேபிள் கொண்டுவந்தாலும் அக்குழாய்க்குள் செலுத்திக் கொள்ளலாம். அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் 2014-ஆம் வருஷத்தில், பிறர் தோண்டும் வேலையோடு நகரமும் தன் குழாயைப் புதைத்துக் கொள்ளச் சட்டம் செய்தது. புதிதாகப் போட்ட சாலையை 5 வருஷத்துக்கு, தகுந்த காரணமின்றி, வெட்டலாகாதென்ற விதியும் அங்கே உண்டு.

கைப்பணம் போதாத நகரசபை, இன்று உபயோகமில்லாத குழாயைப் புதைப்பானேன் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். இவ்வேலையில் பெருஞ்செலவு குழாய்க்கன்று; தோண்டுவதற்கும் மூடுவதற்குமே. சேர்த்துத் தோண்டினால் நகரங்களில் 25 முதல் 33 சதவீதம் வரை மிச்சமாகுமென்று அமெரிக்கக் கணக்குத் தணிக்கை இலாகாவின் 2012-ஆம் வருஷத்து அறிக்கை எடுத்துக் காட்டியது. நம் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம், நியாயம் ஒன்றுதான்.

ஆனால் பணத்தினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. அக்குழாய் யாருடைய சொத்து? கம்பெனியின் சொத்தானால், முதலில் வந்தவன் வைத்ததே விலை. பின்னால் வருகிறவன் மறுபடி தோண்ட வேண்டும், அல்லது மின்கம்பத்திலும் மரக்கிளையிலும் கேபிளைத் தொங்கவிட வேண்டும். நகரசபையின் சொத்தானால், பெரிய கம்பெனியும் பேட்டையில் சிறு தொழில் நடத்துபவரும் ஒரே வாடகை கொடுத்து ஒரே வழியில் செல்வார்கள். தெரு எல்லோருக்கும் பொதுவென்றால், தெருவின் அடியும் பொதுவல்லவா?

2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் பொதுக் குழாய்களுக்கு இடமளித்து, அவை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டுமென்றும் கூறுகிறது. எனினும் எந்தெந்த வேலைகளில் அவற்றை அமைப்பதென்று அறிவிக்கும் அதிகாரம் டில்லி சர்க்காரிடம் இருக்கிறது. டில்லியின் அறிவிப்புக்காக நம் தெரு காத்திருக்க வேண்டுவதில்லை. தோண்ட அனுமதி கொடுப்பவர் நகரசபையார். அனுமதிக்கு நிபந்தனை விதிக்க வேண்டியவரும் அவர்களே.

விதி செய்தால் மட்டும் போதாது. எங்கே, எவ்வளவு ஆழத்தில் குழாய் கிடக்கிறதென்று படம் வரைந்து வைக்காவிடில், புதைத்தது குழாயன்று, பணம். தெருவுக்கொரு துண்டாக ஒன்றோடொன்று சேராமல் கிடந்தாலும் பிரயோஜனமில்லை. ஆகவே பெருஞ் சாலைகளில் தொடங்கி, ஒரு திட்டத்தின்படி இணைத்துச் செல்ல வேண்டும்.

வார்டுதோறும் வோட்டுக் கேட்க வருவோரிடம் ஜனங்கள் இதைக் கேட்கட்டும்: "எங்கள் தெருவை அடுத்த முறை தோண்டும்போது, அதற்கும் அடுத்த முறை தோண்டாதிருக்க என்ன செய்வீர்?" பதில் சொல்லத் தெரியாதவருக்கு நகரத்தை ஒப்புவிப்பது யுக்தமன்று.