முகத்தில் படும் காற்று

வலி நிவாரண சிகிச்சை. ‘பேலியேட்டிவ் கேர்’ என்பதைப் பல வருடங்களாக இப்படித்தான் மொழிபெயர்த்து வந்தேன். அது அரைகுறை மொழிபெயர்ப்பு என்று புரிந்தது புனேயின் மகர்பட்டாவில், நண்பர் ஒருவரின் ஏழாவது மாடி வீட்டில்.

கும்பகோணத்திலிருந்து மகனிடம் வந்திருந்த அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். குணப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டது. வலி பெரிதாக இல்லை, மூச்சுதான் பிரச்சினை. குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். அந்தப் பயத்தில் இன்னும் அதிகமாகத் திணறும். ஆக்சிஜன் சிலிண்டர் வந்து இறங்கியது. தூசி வருமென்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். திணறல் குறையவில்லை.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கு சிலிண்டர் அவசியம். குறையாதவர்களுக்கு? சாதாரணக் காற்றைவிட அது கூடுதலாக உதவவில்லை என்கிறது 2010-ல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆய்வு. அதே ஆண்டில் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு இன்னும் சுவாரசியம். 50 நோயாளிகள், கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறி, ஐந்து நிமிடம் முகத்துக்கு, ஐந்து நிமிடம் காலுக்கு. முகத்தில் காற்று பட்டபோது திணறல் தணிந்தது. கன்னத்திலும் மூக்கிலும் குளிர்ச்சி படும்போது அங்குள்ள நரம்பு மூளையைச் சமாதானப்படுத்துகிறது என்பது விளக்கம். பனையோலை விசிறியால் விசிறிய பாட்டிகளுக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

மார்ஃபின் விஷயம் அத்தனை சுலபமாக இல்லை. வீட்டுக்கு வந்த மருத்துவர் சிறிய அளவில், வாய்வழியாக, என்றதும் நண்பர் கொதித்துவிட்டார்: “அபினைக் கொடுத்து அப்பாவை அனுப்பிவிடச் சொல்கிறீர்களா?” அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் பல மருத்துவர்களே இந்த மருந்தைத் தொடப் பயந்தார்கள். 2014 திருத்தம்தான் வழியைச் சற்று அகலமாக்கியது. அளவறிந்து கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. திணறும் உணர்வை அடக்கும். எல்லோருக்கும் பலிக்காது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து எழுதுவார்கள்.

இதே புனேயில், வார்ஜேயில், சிப்லா நிறுவனத்தின் மையம் 1997 முதல் புற்றுநோயாளிகளுக்கு இலவசமாக இந்தச் சிகிச்சையைத் தருகிறது. நண்பருக்கு அது தெரியாது. எனக்கும்தான்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு நண்பர் சம்மதித்தார். ஜன்னல் திறந்தது. முன்னால் மேஜை, மேஜைமேல் தலையணை, அதில் கைகளை ஊன்றிச் சாய்ந்தபடி அப்பா. “ஏண்டா, ஃபேனை இன்னும் கொஞ்சம் இப்படித் திருப்பு” என்றார். அன்று மாலை கும்பகோணத்துத் தங்கையிடம் நான்கு நிமிடம் போனில் பேசினார். நடுவில் இரண்டு முறைதான் நிறுத்தினார்.