கேட்கப்படாத கேள்வி

"தொழில் என்ன?" மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளியின் ஏட்டிலும் இதற்கென்று ஓர் இடம் உண்டு. அந்த இடம் நிரப்பப்படுகிறதே தவிர, படிக்கப்படுவதில்லை. இதுவே என் குற்றச்சாட்டு. மருத்துவ மாணவனாகிய நானும் அதற்கு உடந்தை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வார்டில் பால்காரர் ஒருவர் படுத்திருந்தார். வயது 40. நான்கு திங்களாகக் காய்ச்சல்; மாலையில் ஏறும், இரவில் போர்வை நனைய வியர்க்கும், காலையில் தணியும். இடுப்பு வலியால் நிமிர முடியவில்லை. டைபாய்டு என்றார் ஒரு மருத்துவர். முதுகெலும்பில் காசநோய் என்றார் மற்றொருவர். மருந்துகள் மாறின, காய்ச்சல் மாறவில்லை. ஏட்டில் "பால் வியாபாரம்" என்று எழுதியவன் நானேதான்!

ஒரு நாள், ஊர் நினைவு வந்து, என் அரைகுறை இந்தியில் அவருடைய எருமைகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அப்போதல்லவா சொன்னார்! இரண்டு எருமைகள் கன்று வீசிவிட்டனவாம். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போட்டாராம். விதை வீங்கியிருந்ததையும் வெட்கத்தால் மறைத்திருந்தார். ஆசிரியரிடம் ஓடினேன். இரத்தச் சோதனை உண்மையைச் சொல்லிற்று: புருசெல்லோசிஸ். நம் ஊரார் கன்று வீச்சு நோய் என்பார்களே, அதே நோய்தான்.

இந்நோய் மூட்டையும் முதுகெலும்பையும் தாக்கும், மூளையையும் தொடும், கர்ப்பிணியின் கருவைக் கலைக்கும். அரிதாக இதய வால்வைப் பற்றினால் உயிருக்கே ஆபத்து. டாக்சிசைக்ளினுடன் வேறொரு மருந்தும் சேர்த்து, குறைந்தது 6 வாரம் கொடுக்க வேண்டும். இடையில் விட்டால் திரும்பி வரும். இன்னொரு வஞ்சகமும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் இந்தக் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயாளி சற்றுத் தேறுவார், நாம் ஏமாறுவோம்.

1887இல் மால்ட்டாத் தீவில், இறந்த படைவீரரின் மண்ணீரலில் இக்கிருமியைக் கண்டார் டேவிட் புரூஸ். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, 1905இல் சம்மிட் ஆடுகளைச் சோதித்த பின்னரே விடை கிடைத்தது. மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது, நோய் சரிந்தது. நோயோடு நோயின் முதலையும் நாடச் சொன்ன வள்ளுவரைப் படித்த நமக்கு இது புதிய பாடமா?

"பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம், நமக்கென்ன?" என்பீர்கள். காய்ச்சிய பால் குடிப்பவரைக் காக்கும். கன்றை இழுத்துப் போடும் கையைக் காக்குமா? "கூட்டத்தில் நேரம் ஏது?" என்பீர்கள். மாடு, ஆடு உண்டா? பச்சைப்பால் குடிப்பதுண்டா? கன்று வீசியதுண்டா? மூன்று கேள்விகள், அரை நிமிடம்!

கால்நடை மருத்துவம் பயிலும் நண்பர்களே, 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. அதை நீங்கள் தொழுவத்தில் சொல்லுங்கள். நாங்கள் வார்டில் சொல்கிறோம்.

பால்காரருக்குக் காய்ச்சல் நின்றது. இடுப்பு வலி முழுதும் போகவில்லை. கன்று வீசிய எருமைகளைப் பற்றி விசாரித்தேன். மருந்துச் செலவுக்காக முன்பே விற்றுவிட்டாராம். இன்று அவை யார் தொழுவத்தில் நிற்கின்றனவோ! அந்த வீட்டுக்காரரும் ஒருநாள் காய்ச்சலோடு வருவார். அப்போதாவது யாரேனும் கேட்பார்களா?