சாவி யாரிடம்?

நான் ஓய்வு பெற்ற அன்று பீரோ சாவி, ஆய்வகப் பொருள் பட்டியல், வருகைப் பதிவேடு எல்லாம் அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். உடைந்த அடிஸ்கேலுக்கும் கணக்கு!

தமிழ்க் கணினி உலகில் அந்த வழக்கமே இல்லை. செய்தவர் இருந்தால் பொன்னாடை, போனால் இரங்கல் கூட்டம். தேனீ எழுத்துரு தந்த அதிராம்பட்டினம் உமர்தம்பி 2006-இல் மறைந்தார். அவர் வேலையைத் தொடர எத்தனை பேர் உட்கார்ந்தோம்?

சானடோரியம் மெப்ஸில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் 'எழில்' பற்றிக் கேட்டேன். 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளை எழுதும் நிரல்மொழி அது. "சார், ஒருத்தர் ஆர்வத்துல செஞ்சது. அவருக்கப்புறம் அவ்ளோதான்" என்றான். கோபம் வந்தது. தொடங்கிய முத்து அண்ணாமலை நூறாண்டு வாழட்டும். மூலநிரலை எல்லாருக்கும் திறந்துதான் வைத்திருக்கிறார். ஆனால் வகுப்பறை திறந்திருந்தால் மட்டும் பாடம் நடந்துவிடுமா?

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018-இல், நன்றாக இருக்கும்போதே, இறுதி முடிவெடுக்கும் பொறுப்பை விட்டார். அடுத்த ஆண்டு ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். விம் எடிட்டரையும் அதற்கான நிரல்மொழியையும் தந்த பிராம் மூலேனார் 2023 ஆகஸ்டில் இறந்தார். கூட உழைத்தவர்கள் விடவில்லை. 2024 ஜனவரியில் 9.1 பதிப்பு வந்தது, அவருக்கே காணிக்கையாக.

மேடையில் முழங்கும் தமிழ் அமைப்புகளே, பொன்னாடைக் காசில் இரண்டு மாணவர்களுக்கு ஓராண்டு உதவித்தொகை கொடுங்கள். எழிலில் உள்ள பிழைகளைத் திருத்தட்டும். தாம்பரம் பக்கத்துக் கல்லூரி எதுவானாலும் சரி, கலைச்சொல் சரிபார்க்க நான் வருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம்.