கண்காணிப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்



விடுதித் தாழ்வாரத்தில், பூட்டிய பெட்டிக்குள் பச்சை விளக்குகள் மின்னும் ஸ்விட்சைப் பார்த்திருப்பீர்கள். அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் எழுத்தரைப் போன்றது அது. எந்தக் கணிப்பொறி எந்தப் போர்ட்டில் உள்ளது எனக் குறித்துக்கொண்டு, உரியதை உரியவருக்கே அனுப்பும். முன்னிருந்த ஹப் அப்படியன்று. ஒருவருக்கு வந்ததை எல்லோருக்கும் வீசியது.

ஆனால், அதே ஸ்விட்சுக்கு வேறொரு கட்டளையும் இடலாம். ஒரு போர்ட்டில் வந்துபோகும் அனைத்தையும் படியெடுத்து மற்றொரு போர்ட்டுக்கும் அனுப்பச் செய்யலாம். போர்ட் மிரரிங் என்பது இதன் பெயர். சிஸ்கோ நிறுவனத்தார் ஸ்பான் என்பர். அங்கே வயர்ஷார்க் போன்ற மென்பொருளை வைத்தால் படிகளைப் பார்க்கலாம். செய்தி வழக்கம்போல் போய்ச் சேரும். பார்க்கப்படுபவர் ஏதும் அறியார்.

இது வேண்டாத வேலையா? அன்று. இணையம் முடங்கினாலும், ஒரு கணிப்பொறியில் புகுந்த வைரஸ் பிறவற்றைத் தாக்கினாலும் காரணம் காண வேண்டாமா? நாடி பாராமல் மருந்து கொடுப்பது மடமை.

"என்கிரிப்ஷன் இருக்க அச்சம் எதற்கு?" என்பார் சிலர். கடிதம் மறைந்தாலும் உறையின் மேலுள்ள முகவரி மறைவதில்லை. எந்தத் தளத்துக்கு, எப்போது, எவ்வளவு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நள்ளிரவில் மனநல உதவி நாடும் மாணவி குற்றவாளியா? அவள் துயரம் அலுவலகப் பேச்சாகலாமா?

தொலைபேசியை ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையைத் தொடும் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. அதற்கு நடைமுறைக் கட்டுப்பாடுகளையும் வகுத்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். வீதியில் உள்ள உரிமை விடுதியில் இல்லாது போகுமா?

ஆகவே நாம் கேட்பது தடை அன்று, முறை. எந்தப் போர்ட், என்ன காரணம், யார் ஆணை, எத்தனை நாள் என்பன ஏட்டில் பதியப்பட வேண்டும். வேலை முடிந்ததும் படிகள் அழிக்கப்பட வேண்டும். இவ்விதிகள் அறிவிப்புப் பலகையில் எல்லோரும் காண இடம்பெற வேண்டும். பழுது பார்க்க எடுத்த படி, ஒழுங்கு நடவடிக்கைக்குச் சான்றாகக் கூடாது.

ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அதை அரசியலில் வைத்தாரேயன்றிக் கல்வியில் வைக்கவில்லை. அடுத்த மாணவர் மன்றக் கூட்டத்தில் இக்கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். அச்சத்தோடு படிப்பவன் அறிவாளி ஆகலாம், குடிமகன் ஆகமாட்டான்.