மலிவான பாகம், யார் தருவது?

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் அமர்வு, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிய பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்குகளில் கிடைக்க வேண்டும், எவ்வளவு கலந்திருக்கிறது என்று பம்பிலேயே எழுதி வைக்க வேண்டும் என்ற கோரிக்கைகள் அதோடு முடிந்தன. அன்றிலிருந்து இந்த இதழுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: ஹெரால்டுக்கும் பழைய அம்பாசிடருக்கும் இனி என்ன ஊற்றுவது?

இ20-ஐத்தான் ஊற்ற வேண்டும். வேறெதுவும் நம் ஊர் பங்குகளில் இல்லை. அதற்கேற்ப வண்டியைத் தயார்செய்வதே நம் வேலை. காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-இலிருந்து 13.5 பக்கம் இறங்குகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய ஜெட்டோடு ஓட்டினால் லீனாக எரிந்து, வால்வும் பிளக்கும் வெளுக்கும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டி, பிளக் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார்க் கேஸ்கட், சாதா ரப்பர் ஹோஸ், பழைய டயாஃப்ரம் மூன்றையும் கழற்றி எறியுங்கள். விட்டான் ரப்பர் தாங்கும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பதால், பாதி டேங்க் பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தக் கூடாது. பழனியிலிருந்து கொடைக்கானல் மலையேறும் வண்டிகளில் பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்றும் ஒருமுறை பாருங்கள். வேப்பர் லாக் தொல்லை கூடும்.

எத்தனாலோடு நமக்குப் பகையில்லை. பழனிக்கு அருகே நம் நெய்க்காரப்பட்டியைச் சுற்றி நிற்பது கரும்பு. மேற்கே கொஞ்ச தூரத்தில் கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை. நம் பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்களில் பலர் கரும்பு வெட்டிய காசில்தான் என்ஜின் வேலை பார்க்கிறார்கள். கரும்புக்கு இன்னொரு சந்தை வருவதை நாம் ஏன் எதிர்க்கப் போகிறோம்? அந்த மனுவின் வாதங்களை இங்கே மறுபடி எடுத்து வைக்கும் எண்ணமும் இல்லை.

நம்மை உறுத்துவது வேறு. தீர்ப்புக்கு முன்பு, ஆகஸ்டில், பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்தில் ஒரு வரி உண்டு. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம். அதற்குச் செலவு குறைவு, வழக்கமான சர்வீசிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பத்து வருட வண்டிக்கு இது சரி. கம்பெனி இருக்கிறது, பார்ட் நம்பர் இருக்கிறது, டீலர் இருக்கிறார். ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு எந்தக் கம்பெனியிடம் போய்க் கேட்பது?

ஒரு டயாஃப்ரம் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற வருடம் நம் பட்டறைக்கு வந்த ஹெரால்டுக்கு, கவரில் ஒரிஜினல் என்று அச்சடித்த பம்ப் கிட் ஒன்றை வெளியூர்க் கடையில் வாங்கிப் போட்டோம். சில மாதத்தில் ரப்பர் ஊறிக் கிழிந்தது. பெட்ரோல் வெளியே ஒழுகியிருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். அது பம்ப் வழியாகச் சம்ப்புக்குள் இறங்கியது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்ததை ஓட்டியவர் நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டார். நீர்த்த ஆயிலில் பிக்-எண்ட் பேரிங் தேய்ந்து, கிராங்கில் கீறல் விழுந்து, பிஸ்டனும் சூடேறிப் பிடித்துவிட்டது. இருநூறு ரூபாய் கூடப் பெறாத ரப்பர் துண்டு முழு என்ஜினையும் இறக்க வைத்தது.

என்ஜினை இறக்கியாயிற்று. இனிமேல்தான் உண்மையான சிக்கல். 948 சி.சி., போர் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. இங்கிலாந்தில் 1961-லேயே ஹெரால்டை 1147 சி.சி.க்கு மாற்றிவிட்டார்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதே வருடம் 948-இல் தொடங்கி, பின்னால் வந்த கசல் வரைக்கும் அதிலேயே ஓட்டியது. அதனால் அங்கிருந்து வரவழைப்பவர்களுக்கும் 1147, 1296 பாகங்கள் கிடைக்கும் அளவுக்கு 948 பாகம் கிடைப்பதில்லை. நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் தயாரானதே இல்லை. அதன் பின்கதவு ரப்பருக்கு லண்டனுக்கு எழுதியும் பயனில்லை. நம் மண்ணில் உருவான வண்டிக்கு நம் மண்ணில்தான் பாகம் வர வேண்டும்.

அதற்கான திறமை இங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இலிருந்து இருக்கிறது. பைமெட்டல் பேரிங்ஸ் கோயம்புத்தூரில். ரானே வால்வு, லூகாஸ் டி.வி.எஸ். என்று இந்தியாவின் என்ஜின் பாகத் தொழிலில் கணிசமான பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. கோவை ஃபவுண்டரியில் வார்க்க முடியாத ஸ்லீவ் உண்டா? 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது, ஹெட்டைக் கடைந்து கெட்டியான வால்வ் சீட்டுகளை அழுத்திக் கொடுத்தவை இந்த லேத் பட்டறைகள்தாம். அப்போதும் எந்த அமைச்சகமும் நம்மிடம் வந்து கேட்கவில்லை. நாமாகச் செய்தோம்.

இன்று நம் கையில் இல்லாதது வரைபடம். பிஸ்டன் கம்ப்ரெஷன் ஹைட் எவ்வளவு, கஜன் பின் ஆஃப்செட் உண்டா, எந்த அலாய், எவ்வளவு கிளியரன்ஸ் என்று சொல்லும் தாள் யாரிடம் இருக்கிறது? வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் ஸ்டாண்டர்ட் 2000-த்தோடு மூச்சை நிறுத்தியது. அம்பாசிடர் உத்தரபாராவில் 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ வாங்கியது. பெயருக்கு விலை உண்டு. அம்பாசிடரின் பி-சீரிஸ் என்ஜின் டைகளுக்கும் வரைபடங்களுக்கும் அந்தப் பேரத்தில் யார் பொறுப்பேற்றார்கள்? ஒரு வண்டியின் தயாரிப்பை நிறுத்தும் கம்பெனி அதன் வரைபடங்களைப் பொதுவில் ஒப்படைக்க வேண்டும் என்று இந்த நாட்டில் விதி இல்லை. இருபது வருடமாக இந்தப் பக்கத்தில் இதை எழுதிவருகிறோம். எத்தனாலுக்கு விதி வந்தது, புகைக்கு விதி வந்தது, கட்டணத்துக்கு விதி வந்துகொண்டே இருக்கிறது. இதற்கு மட்டும் வரவில்லை.

கட்டணத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் 15 வருடம் கடந்த காரின் பதிவுப் புதுப்பிப்பு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் கடந்த காருக்கு 10,000 ஆனது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த மோட்டார் வாகன 81ஏ விதிப்படி விண்டேஜ் என்று பதிந்து, வி.ஏ. எண் வாங்க 20,000. அந்த விதி சொல்லும் தகுதி என்ன? வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றமோ கணிசமான ஓவர்ஹாலோ செய்திருக்கக் கூடாது. 948 பிஸ்டன் கிடைக்காமல் வேறு வண்டியின் பிஸ்டனை வாங்கி, தலையைச் சீவி, புஷ் மாற்றிப் போட்டு ஓட்டுகிறோம். ஸ்லீவ் போடுகிறோம். அது மூல வடிவமா, மாற்றமா? ஆய்வாளருக்கு ஆய்வாளர் பதில் மாறுகிறது. மூலப் பாகம் கிடைக்க ஒரு வழியும் செய்யாமல், மூல வடிவம் இல்லையென்றால் தகுதியில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

காயலான் கடை வழியும் அடைபடுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் கடந்த அரசு வண்டிகளின் பதிவு ரத்து. அவை பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குப் போக வேண்டும். கலெக்டர் ஆபீஸ், பொதுப்பணித்துறை, மின்வாரியம் என்று ஒவ்வொரு வளாகத்திலும் வேப்பமரத்தடியில் நின்ற அம்பாசிடர்கள் முன்பு ஏலத்தில் முழுசாக நம் கைக்கு வரும். அந்த ஒரு வண்டியிலிருந்து நல்ல கிராங்க், ஒரு ஹெட், ஒரு கார்புரேட்டர் பாடி என்று மூன்று வண்டிக்கு உயிர் கொடுப்போம். இப்போது அவை இரும்பாக எடை போடப்படுகின்றன. சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் சரக்கு வறண்டுகொண்டு வருவது கடைக்காரர்களைக் கேட்டாலே தெரியும்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 வந்தபோது, பழைய வண்டிகளுக்காக சூப்பர் ரகத்தை இ5-ஆகவே விட்டு வைத்தார்கள். அங்கே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய டைகளைத் தேடிச் சேர்த்து, 1988-இல் எம்.ஜி.பி.யின் முழு பாடியையே புதிதாக அடித்துக் கொடுத்தது. நம் நிதி ஆயோக்கின் 2021 ஜூன் அறிக்கையிலும் பழைய வண்டிகளுக்காக இ10-ஐத் தொடர்ந்து விற்கலாம் என்ற பரிந்துரை இருந்தது. தன் நிபுணர் குழு சொன்னதை அரசே கைவிட்டது. அதன் பிறகு, பாகம் மலிவுதான் மாற்றிக்கொள்ளுங்கள் என்று நமக்குச் சொல்கிறது. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

நம் கோரிக்கை பெரியதல்ல. தயாரிப்பு நின்ற இந்திய வண்டிகளின் வரைபடங்களைத் தேடி எடுத்து, யாரும் நகல் வாங்கும்படி ஓரிடத்தில் வைக்க வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன், ஸ்லீவ், வேறு பொருளில் செய்த டயாஃப்ரம் ஆகியவை 81ஏ-யின் மூல வடிவத்தைக் கெடுக்காது என்று போக்குவரத்து அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட வேண்டும். உடைப்பு மையத்துக்குப் போகும் அம்பாசிடரின் என்ஜின் பாகங்களைப் பட்டறைகள் விலைக்கு எடுக்க வழி வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் முடியாது. ஒரு செட் பிஸ்டனுக்கு எந்தக் கம்பெனியும் டை போடாது. மாநிலம் முழுவதிலிருந்தும் தேவையைச் சேர்த்துக் கொண்டுபோனால் பேச்சுக்கு இடமுண்டு. உங்கள் கையில் தேயாத 948 பிஸ்டன், பேரிங் ஷெல், த்ரஸ்ட் வாஷர், பம்ப் டயாஃப்ரம் எது இருந்தாலும் மைக்ரோமீட்டர் அளவெடுத்து, எந்த வருட வண்டி, எந்த என்ஜின் நம்பர் என்ற விவரத்தோடு இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பிஸ்டன் ஸ்டாண்டர்டா, +20-ஆ, +40-ஆ, உங்களுக்கு எத்தனை செட் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வரும் அளவுகளை ஒப்பிட்டுச் சரிபார்த்து, அடுத்த இதழிலிருந்து இந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அச்சிடுவோம்.