காட்டுக்கேற்ற பொறி

தமிழாசிரியன் ஒருவன் பொறிகளைப்பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், நிலத்தை வகுத்து அவ்வந் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் தொழிலையும் ஒன்றாக வைத்த இலக்கணத்தைக் கற்பிப்பவனுக்கு, ஒரு நிலத்துக்கென ஆக்கிய கருவியை வேறொரு நிலத்திற் புகுத்தினால் யாது விளையும் என்று கேட்க உரிமையுண்டு.

மருதமுனையின் மேற்கே வயல்வெளி கடந்து உள்நாடு செல்வோர் காணும் குடியேற்றங்கள் ஒருகாலத்திற் பெருங்காடு. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளையாறு என நம்மவர் வழங்கிய ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணைகட்ட, அமெரிக்காவின் மொறிசன் நட்சன் நிறுவனத்தார் வந்தனர். காடழிக்கப் பாரிய இயந்திரங்கள் இறங்கின. ஆனாற் புல்டோசர் காட்டுப்பொறியன்று. மண்ணைத் தள்ளும் பொறி. மரத்தை வேரொடு சாய்க்கையில் அதன் அலகு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகின்றது. காட்டை வயலாக்க முனைவோருக்கு அஃதொரு குறையாகத் தோன்றாது (அவ்வயலுக்கும் அம்மேல்மண்ணே உயிர் என்பது வேறு கதை). காட்டைக் காடாகவே வைத்து, வேண்டிய மரத்தைமட்டும் எடுக்க விரும்புவோருக்கு அது பெருங்கேடு.

நமதூர் நெசவாளர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். விசைத்தறியை எங்கே நாட்டினாலும் நெய்யும். நூல் அதனிடம் வந்து சேரும். மரமோ சரிவிலும் சேற்றிலும் பாறையிடுக்கிலும் நின்ற இடத்திலேயே நிற்கும். பொறியே அதனை நாடிப் போகவேண்டும். ஆதலாற் காட்டுப்பொறியின் வரலாறு பெரும்பாலும் அதன் காலின் வரலாறேயாம்.

1901 இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்து அல்வின் லொம்பார்ட் என்பார், சில்லுக்குப் பதிலாக ஓடும் சங்கிலித் தடத்தைப் பூட்டிய நீராவி மரமிழுவைக்கு உரிமம் பெற்றார். பனிமீது மரம் இழுக்கப் பிறந்தது அது. பின்னர் உடலின் நடுவே கீல் வைத்து, வளைந்து நெளிந்து மரங்களிடையே நுழையும் இழுவைப்பொறி தோன்றியது. மரத்தை நிலத்தில் இழுத்தால் மண் கிழியும் என்று கண்ட வடநாட்டார், அதனைத் தூக்கித் தன்மீது சுமந்துசெல்லும் பல்சில்லு வண்டியை ஆக்கினர். மரத்தை அரிந்து கிளை களையும் பொறியொன்று, அக்கிளைகளையே தன் பாதையிற் பரப்பி அவற்றின்மேல் ஏறிச் செல்கின்றது! அல்ப்ஸ் மலைச்சரிவுகளிலோ பொறி காட்டினுள் நுழைவதேயில்லை. உயரத்திற் கட்டிய கம்பிவடம் மரத்தை அந்தரத்திற் கொண்டுவரும்.

1995 இல் பின்லாந்தின் பிளஸ்டெக் நிறுவனத்தார் ஆறு கால்களால் நடக்கும் காட்டுப்பொறியையே செய்து காட்டினர். காலூன்றும் இடத்தைமட்டும் மிதித்து, இடைப்பட்ட மண்ணைத் தொடாது செல்லும் அது விற்பனைக்கு வராமலே நின்றுவிட்டது. யானையைப் பிடித்துப் பழக்கிய ஏறாவூர்ப் பணிக்கமார் இதனைக் கண்டிருந்தால், நாலு காலோடு நாம் வைத்திருந்ததற்கு இவர்கள் இரண்டு கால் கூட்டியிருக்கிறார்கள் என்றே சொல்லியிருப்பர்.

இலங்கையில் 1990 இல் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் நிறுத்தப்பட்டது. பலகைக்காக இன்று தறிப்பனவற்றுள் நாட்டி வளர்த்த தேக்கும் யூக்கலிப்டசும் பைனசும் அடங்கும். மலைச்சரிவில் மரத்தை இழுத்த தடம் ஒரு மழையில் வாய்க்காலாகின்றது, மறுமழையில் ஓடையாகின்றது. கரைந்த மண் ஆற்றோடு இறங்கி, குளங்களின் அடியிற் படிகின்றது. கீழே வயல் செய்வோருக்கு இது வேறெங்கோ நடக்கும் செய்தியன்று.

இதற்காக மேனாட்டுப் பெரும்பொறிகளை இறக்குமதி செய்க என்று யான் கூறேன். ஒரேயளவான ஊசியிலை மரங்கள் மைல்கணக்கில் நிற்கும் தேயத்துக்கு ஆக்கியவை அவை. விலையும் நம்மால் தாங்கொணாதது. கைத்தொழிலாளர் பிழைப்புப் போய்விடும் என்று எப்பொறியையும் மறுப்போருடனும் யான் உடன்படேன். சரிவில் உருளும் மரத்தைக் கயிற்றாலும் தோளாலும் தடுக்கும் தொழிலிற் காக்கவேண்டியது பிழைப்புமட்டுமன்று, உயிருமாகும்.

நமக்கு வேண்டியது சிறிய பொறி: மேட்டில் நின்றபடியே மரத்தை வடத்தால் இழுக்கும் சுருளியும், இழுபடும் மரத்தின் தலையை நிலத்திலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சில்லுபூட்டிய வளைவும். அம்பாறை ஹாடி நிறுவனத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் பயிலும் நம் மாணவர் இதனைத் தம் செய்முறைப் பணியாக எடுக்கலாம். பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் இரும்பும் இடமும் உதவலாம். இருசில்லு உழவு இயந்திரத்திற் பூட்டத்தக்கதாக அது அமைதல் நன்று. ஒன்றுமட்டும் வேண்டுகோள்: மண் காய்ந்த பங்குனியில் ஓட்டிப்பார்த்து மகிழாமல், மார்கழி மழையிலேயே அதனைச் சோதித்துப் பாருங்கள்.