இணைப்பு அறுந்தால் யார் பொறுப்பு?

கணவருக்கு வெளியூர் மாற்றல் வந்தால் மனைவி தன் வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கூடவே கிளம்புவது, நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக நடந்து வந்த ஒன்று. ரயில்வே, வங்கி, மத்திய அரசு அலுவலகம் என்று எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கும்! என் அம்மாவும் அப்படித்தான் ஒரு பள்ளிக்கூட வேலையை விட்டார். இன்றும் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் மாறும்.

2025-ல் என் கணவரை அவர் கம்பெனி ஓராண்டுக்கு ஜெர்மனிக்கு அனுப்பியபோது நான் வேலையை விடவில்லை. ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள் நான். இணையம் வழியாக அங்கிருந்தே செய்யலாம் என்று அலுவலகம் ஒப்புக்கொண்டது. எனக்குக் கிடைத்த குடும்ப விசாவும் வேலை பார்க்க இடம் தந்தது. (சுற்றுலா விசாவில் செல்பவர்கள் இதை முன்கூட்டியே தூதரகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.)

ஓராண்டு முடிந்து திரும்பிவிட்டோம். வேலை தப்பியது, ஆனால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் இணைய இணைப்பு இன்று அவரவர் அதிர்ஷ்டத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அப்படி விடக்கூடாது. யார் எதற்குப் பொறுப்பு என்பது விமானம் ஏறும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

ஜெர்மனி என்றால் எல்லாம் கடிகாரம் போல் நடக்கும் என்று நம்பித்தான் போனேன். நாங்கள் குடியிருந்த வீட்டில் இணையம் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாகத்தான் வர வேண்டும். அங்கே இன்னும் பல வீடுகளில் அப்படித்தான். விண்ணப்பித்ததும் மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். அன்று காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை வீட்டை விட்டு நகரவில்லை. யாரும் வரவில்லை. அடுத்த தேதி இன்னும் இரண்டு வாரம் கழித்து! அதுவரை கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளினேன். வீடியோ கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் ஒரு ஜிபி கரையும். மாதத்துக்கென்று வாங்கிய டேட்டா பத்தே நாளில் தீர்ந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இணைப்பு என்றதும் எல்லோரும் "எத்தனை எம்பிபிஎஸ்?" என்றுதான் கேட்கிறார்கள். நல்ல தெளிவோடு ஒரு வீடியோ கூட்டம் நடக்க 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். கேட்க வேண்டியவை வேறு மூன்று: நம் பக்கத்திலிருந்து மேலே அனுப்பும் வேகம் எவ்வளவு, தாமதம் எவ்வளவு, மாதத்தில் எத்தனை முறை அறுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. ஆகவே பத்தாயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்பப் பத்தில் ஒரு நொடி ஆகும். எந்தக் கம்பெனியின் எந்தத் திட்டத்தை வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. வழி நீண்டால் தாமதமும் நீளும்.

இது எனக்குப் புரிந்தது 2025 செப்டம்பரில். அந்த மாதம் 6-ஆம் தேதி செங்கடலில் ஜெட்டா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. சீ-மீ-வீ 4, ஐ-மீ-வீ என்ற அந்த இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து நம் மும்பைக்கு வருபவை. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தாமதம் கூடியதாக மைக்ரோசாஃப்டே அறிவித்தது. ஜெர்மனியில் என் இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. மும்பை அலுவலகத்திலும் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் கடல் இருந்தது. நான் இங்கே ஓர் எண்ணைத் தட்டினால் அது அலுவலகக் கணினியில் விழுந்து என் திரைக்குத் திரும்புவதற்குள் அடுத்த எண்ணை மறந்துவிடுவேன். வருமான வரித் தணிக்கை அறிக்கைகளுக்கு இரவு பகலாக உழைக்கும் மாதம் அது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியிலும் செங்கடலில் கேபிள்கள் சேதமடைந்தன. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இணையம் தடுமாறியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, இது தனி ஒருவரின் கவனக்குறைவால் வருவதன்று.

நவம்பரில் நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். குளிர்காலத்தில் மும்பையில் காலை பத்து மணி என்றால் அங்கே விடியற்காலை ஐந்தரை. இருட்டில் எழுந்து உட்கார்ந்தால் இணைப்பு இல்லை. முன்னெச்சரிக்கையாக வேறு பெயரில் ஒரு சிம் வாங்கி வைத்திருந்தேன். அதுவும் வேலை செய்யவில்லை. விசாரித்தபோதுதான், அந்தச் சிம்மை விற்ற கடைப் பெயர் வேறே தவிர, அது ஓடுவது என் வீட்டுக் கம்பிக்காரரின் வலையமைப்பின் மேல்தான் என்று தெரிந்தது. பெயர் இரண்டு, கம்பி ஒன்று! ஊர்ப் பொது நூலகம் பத்து மணிக்குத் திறக்கும்; அப்போது மும்பையில் பிற்பகல் இரண்டரை. இரண்டு நாளும் அங்கே ஓடி அரை நாள் வேலையாவது முடித்தேன். மூன்றாம் நாள் காலை இணைப்பு வந்தது. மாதக் கடைசியில் பார்த்தால் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள்.

கேட்டேன். "அங்கே போனது உங்கள் சௌகரியத்துக்கு, மேடம். இணைப்பும் உங்கள் பொறுப்புதான்" என்று பதில் வந்தது. அதில் பாதி நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் இதே அலுவலகத்தில், இதே மும்பையில், சர்வர் படுத்து ஒரு நாள் முழுவதும் எல்லோரும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது யார் சம்பளத்தையும் யாரும் பிடிக்கவில்லை.

ஜெர்மனியில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள அவர்களுடைய தொலைத்தொடர்புச் சட்டப்படி, பழுது என்று புகார் கொடுத்து இரண்டு நாளில் சரிசெய்யாவிட்டால், மூன்றாம், நான்காம் நாட்களுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், ஐந்தாம் நாள் முதல் 10 யூரோ அல்லது 20 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதை நிறுவனம் தர வேண்டும். சொன்ன தேதியில் ஆள் வராவிட்டாலும் 10 யூரோ அல்லது 20 சதவீதம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தபட்ச இணைப்பு உரிமை என்றும் 2022-ல் வரையறுத்தார்கள். முதலில் கீழிறக்க 10, மேலேற்ற 1.7 எம்பிபிஎஸ், 2024 இறுதியில் அதை 15, 5 என்று உயர்த்தினார்கள். வேகத்தோடு தாமதத்துக்கும் வரம்பு வைத்தார்கள். வராத அந்த ஆளுக்காக எனக்கு 10 யூரோ வந்தது. இரண்டு நாள் அறுந்ததற்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்துதானே கணக்கு! தொகை சிறிது. ஆனாலும், "அறுந்தால் பொறுப்பு உன்னுடையது" என்று விற்பவனைப் பார்த்துச் சொல்லும் சட்டம் அது. நம் நாட்டிலும் டிராய் 2024-ல் கொண்டுவந்த விதிகளில், ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்று இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

ஆக, பொறுப்பு மூன்று பேருக்கு. கம்பி கொடுப்பவருக்குச் சட்டம் சொல்லும் பொறுப்பு. வேலை பார்ப்பவருக்கு முன்னேற்பாட்டுப் பொறுப்பு: வீடு பேசும் முன்பே அங்கே எந்தக் கம்பி வருகிறது, எத்தனை நாளில் வரும் என்று கேட்க வேண்டும், இரண்டாவது சிம் உண்மையிலேயே வேறு வலையமைப்பில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், வங்கியும் அலுவலகமும் அனுப்பும் ஓடிபி வருவதற்கு இந்தியச் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். இவற்றை நான் சரியாகச் செய்யவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

மூன்றாவது பொறுப்பு வேலை கொடுப்பவருக்கு. தூரத்திலிருந்து வேலை செய்ய ஒருவரை அனுமதித்தால், நாற்காலி, மேசை, மின்சாரம் எல்லாம் அவருக்கு மிச்சமாகின்றன. அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்கு இரண்டாவது இணைப்புக்குப் போகட்டும். இணைப்பு அறுந்த நேரத்தை எந்த நாளில் ஈடு செய்வது, எத்தனை மணி நேரம் வரை சம்பளத்தைத் தொடுவதில்லை, யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரு பக்கக் கடிதம் போதும். டிசம்பரில் நான் அதைக் கேட்டு வாங்கினேன். பிடித்த சம்பளம் திரும்ப வரவில்லை. அதன் பிறகு பிடிக்கவும் இல்லை.

நம் சங்கத்தில் ஆண்டுதோறும் எத்தனையோ பெண்கள் கணவரோடும், மகள் பிரசவத்துக்கென்றும் வெளிநாடு போகிறார்கள். அவர்களில் பலர் இன்று வேலையில் இருப்பவர்கள். போகிறவர்களும் போய் வந்தவர்களும் சந்தித்துப் பேச ஒரு மாலையைச் செயற்குழு ஒதுக்கினால் நன்றாக இருக்கும். அந்தக் கடிதத்தின் நகலோடு நான் வரத் தயார். என் அம்மா விட்டது போல் இனி யாரும் வேலையை விட வேண்டியதில்லை.